மடித்து ஒட்டிய பெயர்

அன்று கடையில் இருந்தவர்களைச் சொல்கிறேன். அச்சு மிஷின் பக்கத்தில் பாபு; காதில் பாட்டு மாட்டியிருந்தான். வாசல் பெஞ்சில் ஒரு பெரியவர். பேத்தியின் காதுகுத்துக்கு பேனர் வாங்க வந்தவர். தோளில் துணிப்பையோடு ஒரு அம்மா. பிறகு நான்.

பிரேமா இல்லை. பிள்ளையின் பள்ளிக்கூடத்தில் கையெழுத்துப் போடப் போயிருந்தாள்.

அந்த அம்மா பிரேமாவைத்தான் தேடி வந்திருந்தார். பெயர் தெரியாமலே தேடி வந்திருந்தார். நான் பொய் சொன்னேன். அப்படி ஒரு ஆளே கிடையாது என்று சொன்னேன்!

இதை யாரிடமும் சொன்னதில்லை. என் மகளிடம்கூட. நீங்கள் யார் என்று எனக்குத் தெரியாது. அதனால் உங்களிடம் சொல்ல முடிகிறது.

நான் ஐந்தாவது வரை படித்தவன். அதிகம் பேசிப் பழக்கமில்லை. ஆவடியில் ஒரு பேனர் கடையில் பதினோரு வருஷமாக வேலை. மிஷினிலிருந்து பேனர் வெளியே வரும்போது நாலு பக்கமும் இரண்டு அங்குலம் வெள்ளை ஓரம் இருக்கும். அதைப் பின்பக்கமாக மடித்து, பசை தடவி, கட்டையால் தேய்ப்பேன். மூலைக்கு மூலை கயிறு கோக்க வளையம் அடிப்பேன். கேட்டவர்களுக்கு மரச்சட்டத்தில் இழுத்துக் கட்டித் தருவேன். அவ்வளவுதான் என் வேலை.

பிரேமா கம்ப்யூட்டரில் உட்கார்ந்து பேனர் போடுகிறவள். வயது முப்பத்திரண்டு இருக்கும். நெமிலிச்சேரியிலிருந்து ரயிலில் வருவாள். மற்ற கடைகளில் ஏற்கெனவே செய்து வைத்த படத்தில் முகத்தை மட்டும் மாற்றுவார்கள். ரோஜாப்பூ, புறா, சிம்மாசனம்... உங்களுக்கும் தெரியும். இவள் அப்படிச் செய்ய மாட்டாள். வருகிறவர்களை உட்கார வைத்துக் கேள்வி கேட்பாள். ஒருமுறை மஞ்சள் நீராட்டுக்கு பேனர் கேட்டு வந்தார்கள். அந்தப் பெண்ணை ராஜகுமாரி மாதிரி உட்கார வைக்காமல், அவள் ஓட்டுகிற பழைய சைக்கிளை பேனர் முழுக்கப் பெரிதாகப் போட்டு, அதன் மேல் அவளை உட்கார வைத்தாள். அப்பன்காரன் முதலில் கத்தினான். பெண் அதைப் பார்த்துவிட்டுச் சிரித்தாள். அவன் அடங்கிப் போனான்.

சாப்பாட்டு வேளையில் போனை என் மூஞ்சிக்கு நேரே நீட்டுவாள்.

“இத பாரு அண்ணாத்தே. இந்தாளு மூங்கில்ல நாற்காலி பண்றாரு. உக்காந்தா அது மூச்சு விடற மாதிரி கீதாம்.”

“நாற்காலி எதுக்கு மூச்சு வுடணும்?”

“உங்கிட்ட காட்டினேன் பாரு... என்னச் சொல்லணும்!”

அடுத்த நாள் வேறு ஒருவர். கிழிந்த புடவைகளை ஒட்டுப் போட்டுச் சட்டை தைக்கிறவர். பேருந்துப் பலகைக்குப் புதுசாக எழுத்து வரைகிற பெண். மண்ணில் விளக்கு செய்கிற ஒருவன். அந்த விளக்கு பூசணிக்காய் போல இருக்கும். எங்கேயோ இருக்கிறவர்கள். இவளுக்கு அவர்களெல்லாம் சொந்தக்காரர்கள் போல. ஒவ்வொருவர் பெயரையும் ஒரு நோட்டில் எழுதி வைப்பாள். எனக்கு அதில் பாதி புரியாது. ஆனாலும் அவள் காட்டாத நாளில் சோறு சரியாக இறங்காது. அதையும் நான் அவளிடம் சொன்னதில்லை.

அந்த வெள்ளை ஓரத்தில் அவள் தன் பெயரைப் போடுவாள். அரிசி மணி அளவு எழுத்து. ‘பிரேமா’. வேறு எங்கே போட்டாலும் முதலாளி எடுக்கச் சொல்லிவிடுவார். கடைப் பெயரும் போன் நம்பரும் மட்டும்தான் கீழே தெரிய வேண்டும். “வேற பேரு தெரிஞ்சுதுன்னா, பூந்தமல்லி கடைக்காரன் வந்து ஆளத் தூக்கிகினு பூடுவான்” என்பார். அவர் சொன்னதும் பொய்யில்லை. இரண்டு பேரை அப்படித் தூக்கிக்கொண்டு போயிருக்கிறார்கள்.

“அண்ணாத்தே, அரை இஞ்ச் கம்மியா மடியேன். என் பேரு வெளிய தெரியும்” என்று வேலைக்கு வந்த முதல் வருஷம் கேட்டாள்.

“மொதலாளி வைவாரு.”

“அவரு எங்க கீழ பாக்கறாரு? மேல கட்சிக்காரர் மூஞ்சி பெருசா கீதான்னுதான் பாப்பாரு.”

நான் மடித்தேன். இரண்டு அங்குலமும் மடித்தேன். அவள் பெயர் மேல் பசை தடவித் தேய்த்தேன். அவள் போட்ட ஒவ்வொரு பேனரிலும்... ஐந்து வருஷம்! அவள் பிறகு கேட்கவில்லை. பெயர் போடுவதை மட்டும் நிறுத்தவில்லை.

வெளியே போய்விட்டு வரும்போதெல்லாம் ஒரு கேள்வி கேட்பாள். தண்ணீர் குடித்துவிட்டு வந்தாலும் கேட்பாள். “என்னத் தேடி யார்னா வந்தாங்களா?” பாபு உடனே, “கலெக்டர் வந்தாரு, நீ இல்லேன்னு அழுதுகினே பூட்டாரு” என்பான். மூன்று பேரும் சிரிப்போம். தினமும் அதே கேள்வி, அதே பதில்.

ஆனால் அது வேடிக்கை மட்டும் இல்லை. எனக்குத் தெரியும்.

அவள் புருஷன் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் அவளுக்கும் சேர்த்து இடம் பார்த்து வைத்திருந்தான். டப்பா கட்டும் வேலை. வண்டி வீட்டுக்கே வரும். பொங்கலுக்குள் முடிவு சொல் என்று கெடு வைத்திருந்தான். ஒருநாள் அவள் என்னிடம் வாய்விட்டே சொன்னாள்.

“ஒரே ஒருத்தர் வந்து, இத யாரு போட்டதுன்னு கேக்கட்டும் அண்ணாத்தே. ஊட்ல போய் சொல்லிக்கினு, நான் இங்கியே கீறேன்னு உக்காந்துடுவேன். அஞ்சு வருசத்துல ஒருத்தரு... கேட்டாங்களா?”

நான் வளையம் அடித்துக்கொண்டிருந்தேன். நிமிரவில்லை.

என் மனைவி ராணி அந்த வருஷம் ஆடியில் போய்விட்டாள். காய்ச்சல். பதினோரு நாள் ஆஸ்பத்திரியில் இருந்தோம். எங்கள் சேக்காட்டில் யாராவது போய்விட்டால் தெருமுனையில் அஞ்சலி பேனர் நிற்க வேண்டும். காரியம் முடிகிறவரை நிற்கும். வழக்கம் அது. ஊருக்கெல்லாம் மடித்துக் கொடுத்தவன் என் வீட்டுக்கும் கேட்டுப் போனேன். கையில் இருந்தது ஆதார் அட்டைப் படம் ஒன்றுதான்.

பிரேமா அதை வெகுநேரம் பார்த்தாள். “அண்ணி எப்ப சிரிப்பாங்க?” என்று கேட்டாள்.

இருபத்தெட்டு வருஷம் கூட இருந்தவன். உடனே பதில் வரவில்லை... வெட்கமாக இருந்தது. பிறகு, “தண்ணி லாரி வந்தா சிரிப்பா” என்றேன்.

அவள் அன்று மத்தியானம் எங்கள் தெருவுக்குப் போய் வீட்டுக்கு வீடு குடங்களைப் படம் பிடித்திருக்கிறாள். எனக்குத் தெரியாது. பேனர் வந்தபோது பார்த்தேன். பச்சை, சிவப்பு, நீலம் என்று பிளாஸ்டிக் குடங்கள், பேனரின் கீழ் மூலையிலிருந்து வளைந்து வளைந்து மேலே போகிற ஒரு வரிசை. வரிசையின் முதல் இடத்தில் குடம் இல்லை. ராணி முகம். இதோ, என் முறை வந்துவிட்டது என்று திரும்பிப் பார்க்கிற மாதிரி. ஆதார் அட்டையில் உம்மென்று இருந்த முகம்... எப்படித்தான் சிரிக்க வைத்தாளோ!

பூவில்லை. மெழுகுவத்தி இல்லை. துயரத்தில் வாடும் குடும்பத்தார் என்று பெயர்கள் போடுவார்கள். நானும் மகளும்தானே, வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். ‘ராணி’ என்று மட்டும் இருந்தது.

தெருமுனையில் கட்டினோம். பெண்கள் வந்து நின்றார்கள். “ஏ, இது என் குடம்டீ! வாய் ஒடஞ்சது பாரு” என்று எதிர்வீட்டு வேளாங்கண்ணி சிரித்தாள். சிரித்துக்கொண்டே வந்தவள் அப்படியே உட்கார்ந்து அழுதாள். சாவு வீட்டில் எனக்கு வராத அழுகை அப்போதுதான் வந்தது.

அந்த பேனரிலும் வெள்ளை ஓரத்தில் பெயர் இருந்தது. அதையும் மடித்து ஒட்டியவன் நான்தான். முதலாளி அன்று ஊரிலேயே இல்லை. யார் என்னைக் கேட்டிருப்பார்கள்? அரை அங்குலம்... என் பெண்டாட்டி படத்தில்கூட நான் அதை விட்டுக்கொடுக்கவில்லை!

காரியம் முடிந்ததும் பேனரை யாரோ கழற்றிக்கொண்டு போனார்கள். எங்கள் பக்கத்தில் பழைய பேனர் வீணாகாது. கூரைக்கு மேலே போகும், மாட்டுக்கு மறைப்பாகும். நான் தேடவில்லை.

மார்கழியில் அந்த அம்மா வந்தார். நான் முதலில் சொன்ன நாள் அதுதான். வெயிலில் நடந்து வந்திருந்தார். தண்ணீர் கேட்டார், கொடுத்தேன். போனை எடுத்துக் காட்டினார். ராணி. குடங்கள்.

வெள்ளானூர் சாலையில் ஒரு இளநீர் வண்டிக்கு மறைப்பாகக் கட்டியிருந்ததாம். வண்டிக்காரருக்குப் புதுத் தார்ப்பாய் வாங்கிக் கொடுத்துவிட்டு இதைக் கழற்றி எடுத்துக்கொண்டாராம். இப்போது புதிதாகச் செய்கிறவர்களையெல்லாம் தேடிப் பிடித்து ஒரு கண்காட்சி வைக்கப் போகிறார்களாம். நாற்காலி செய்கிறவர், துணி தைக்கிறவர், எழுத்து வரைகிறவர், இரும்பை வளைக்கிறவர், எல்லோரும். பிரேமா சாப்பாட்டு வேளையில் காட்டுவாளே, அதே மாதிரி ஆட்கள்.

“இதுல உங்க கடை நம்பர் இருந்தது. போன்ல கேட்டேன். ஆள் பேரெல்லாம் சொல்ல முடியாதுன்னு வெச்சுட்டாங்க. அதான் நேர்ல வந்தேன். இதை யார் செஞ்சது ஐயா?”

ஐந்து வருஷமாக ஒருத்தி காத்திருந்த கேள்வி. ஒரு வார்த்தை மட்டும் மாறி என்னிடம் கேட்கப்பட்டது.

“யாரும் செய்யலம்மா. கம்ப்யூட்டர்ல ரெடியா கெடைக்கும். நாங்க மூஞ்சிய மட்டும் மாத்துவோம்.”

“இந்தக் குடங்கள்? யாரோ ஒருத்தர் யோசிச்சிருக்கணுமே...”

“அதுவும் அதுலயே வரும்.”

பெஞ்சில் இருந்த பெரியவர் எனக்கு ஒத்து ஊதினார். “ஆமாம்மா, இப்பல்லாம் அல்லாமே கம்ப்யூட்டர்தான். பட்டனைத் தட்னா வந்துகினே இருக்கும்.”

அந்த அம்மா நம்பவில்லை. என் முகத்தையே பார்த்தார். பிறகு, “ராணின்னு போட்டிருக்கே. இவங்க குடும்பம் எங்கேன்னாவது தெரியுமா?” என்றார்.

“தெரியாதும்மா.”

சொல்லிவிட்டேன். எச்சிலை விழுங்கும் நேரம்கூட எடுக்கவில்லை. ஒரு நிமிஷத்தில் இரண்டு பெண்களை இல்லையென்று சொன்னேன். ஒருத்தி உயிரோடு இருந்தவள். ஒருத்தி என்னோடு இருந்தவள்.

அவர் ஒரு அட்டை கொடுத்தார். கண்காட்சி நடக்கிற இடமும் நாளும் அதில் இருந்தன. “நினைவு வந்தா சொல்லுங்க, வர்றவங்களுக்குக் காட்டணும்” என்று சொல்லிவிட்டு, போன் நம்பரும் எழுதிக் கொடுத்துப் போனார். பாபு காதிலிருந்து ஒரு பக்கத்தைக் கழற்றி, “இன்னாவாம் மாமே?” என்றான். “அட்ரஸ் கேட்டாங்க” என்றேன். அட்டையைச் சட்டைப் பையில் வைத்தேன்.

பத்து நிமிஷம்கூட ஆகியிருக்காது. பிரேமா வந்தாள். கையில் எங்களுக்கும் சேர்த்து வாங்கிய பஜ்ஜி. செருப்பைக் கழற்றும்போதே கேட்டாள்.

“என்னத் தேடி யார்னா வந்தாங்களா?”

பாபு கலெக்டர் கதையைச் சொன்னான். அவள் சிரித்தாள். என்னைப் பார்த்து, “நீ இன்னா அண்ணாத்தே, சிரிக்க மாட்டேங்கறே?” என்றாள்.

சிரித்தேன். பஜ்ஜியும் தின்றேன்.

ஏன் சொன்னேன்? எத்தனையோ முறை என்னையே கேட்டுவிட்டேன்.

முதலாளிக்குப் பயந்தேன் என்று சொல்லலாம். பாதி உண்மை. அவள் போய்விட்டால் கடை படுத்துவிடும், என் வேலையும் போகும் என்று நினைத்தேன் என்றும் சொல்லலாம். ராணி முகத்தை ஊர் உலகமெல்லாம் வந்து பார்ப்பதா என்று சுருக்கென்று இருந்தது, அதுவும் உண்டு. இவை எல்லாவற்றையும் அடுக்கி வைத்துவிட்டு நான் நல்லவன் என்று தூங்கிவிடலாம்.

ஆனால் அந்த அம்மா ‘யார் செஞ்சது’ என்று கேட்டபோது, என் நெஞ்சில் முதலில் வந்தது வேறு. பதினோரு வருஷமாக மடிக்கிறேன், அடிக்கிறேன், வெயிலில் ஏணி ஏறிக் கட்டுகிறேன். இதை யார் கட்டினது என்று ஒருவர் கேட்டதுண்டா? இவளை மட்டும் தேடிக்கொண்டு ஏன் வருகிறார்கள்? இதுதான் வந்தது! என் மனைவி முகத்தைத் திருப்பிக் கொடுத்தவள் மேல் எனக்கு வந்தது இதுதான்.

வாய் திறப்பதற்கு அரைக் கணம் முன்னால் வந்தது. அதன் பிறகுதான் பொய்.

பொங்கல் முடிந்து அவள் வேலையை விட்டாள். கடைசி நாள் மேசையைத் துடைத்து வைத்துவிட்டு, “வரேன் அண்ணாத்தே, ஒடம்பப் பாத்துக்கோ” என்றாள். அட்டை அப்போதும் என் பையில் இருந்தது. கண்காட்சிக்கு இன்னும் இரண்டு மாதம் இருந்தது. கையை உள்ளே விட்டு எடுத்துக் கொடுத்தால் போதும். கொடுக்கவில்லை. கொடுத்தால், இது எப்போது வந்தது என்று கேட்பாளே!

அவள் இடத்துக்கு ஒரு பையன் வந்தான். ரெடியாக இருக்கிற படத்தில் முகத்தை மட்டும் மாற்றுகிறான். நான் சொன்ன பொய் இப்போது எங்கள் கடையில் நிஜமாக நடக்கிறது.

மாசி மாதம் ஆவடி மார்க்கெட்டில் பார்த்தேன். கீரைக்காரியிடம் பேரம் பேசிக்கொண்டிருந்தாள். மெலிந்திருந்தாள்.

“எப்டி கீறே? வேலையெல்லாம்?”

“டப்பா மேல ஸ்டிக்கர் ஒட்றேன் அண்ணாத்தே. கோணாம ஒட்டணும். அவ்ளோதான் படிப்பு.” சிரித்தாள். “நீ மடிக்கறாப்பலயே நானும் ஆயிட்டேன் பாரு.”

“போன்ல அந்த நாற்காலிக்காரர்... அவங்களையெல்லாம் பாக்கறியா?”

“எங்க... போன உள்ள எடுத்துகினு போவ வுட மாட்டாங்க. ஊட்டுக்கு வந்தா கண்ணு சொருவுது.” கீரைக் கட்டைப் பையில் வைத்தாள். “அந்த நோட்டக் கூட பையன் கணக்குப் போடக் குடுத்துட்டேன். பின்னாடிப் பக்கமெல்லாம் வெள்ளையாத்தானே கெடந்துது.”

அப்போதாவது சொல்லியிருக்கலாம். மார்க்கெட் சத்தத்தில், நின்ற இடத்தில், நாலு வார்த்தை. “பாத்துப் போம்மா, சேறு கீது” என்றேன். என் வாயிலிருந்து அதுதான் வந்தது.

பங்குனியில், கண்காட்சியின் கடைசி நாள், நான் போனேன். ரயிலில் எழும்பூர் வரை போய், விசாரித்து நடந்தேன். பழைய பெரிய கட்டடம். செருப்போடு உள்ளே போகலாமா என்று தெரியவில்லை. எல்லோரும் போனார்கள், நானும் போனேன்.

உங்களிடம் எப்படிச் சொல்வேன்! மூங்கில் நாற்காலி ஒன்று இருந்தது. தொட்டுப் பார்த்தேன், அவள் சொன்னது போல அது மெல்ல அமுங்கி எழுந்தது. இரும்புக் கம்பியை வளைத்து ஒரு மரம் செய்திருந்தார்கள். மீன் வலையில் தைத்த பாவாடை. சுவர் முழுக்க ‘அ’ என்ற ஒரே எழுத்து, ஒன்று போல ஒன்று இல்லாமல். ஒவ்வொன்றின் பக்கத்திலும் அதைச் செய்தவர் பெயர், ஊர், ஒரு சிறிய படம். சிலர் அங்கேயே நின்று பேசிக்கொண்டிருந்தார்கள். என்னைப் போன்ற ஆட்கள்தான். ஒருவர் கையில் வெல்டிங் தழும்பு. ஒரு அம்மா பூ வைத்துக்கொண்டு புதுப் புடவையில் வந்திருந்தார். யாரோ கேள்வி கேட்க, வெட்கப்பட்டுக்கொண்டு பதில் சொல்லிக்கொண்டிருந்தார். அந்த இடத்தில் பிரேமாவை நிறுத்திப் பார்த்தேன். இவள் வெட்கப்பட்டிருக்க மாட்டாள். வந்தவர்களையே நாலு கேள்வி கேட்டிருப்பாள்.

கடைசி அறையில், இருபத்தெட்டாவதாக, ராணி.

துடைத்து, சுருக்கம் எடுத்து, விளக்குப் போட்டு வைத்திருந்தார்கள். இளநீர்க் கறை ஒரு ஓரத்தில் அப்படியே இருந்தது. ஒரு பெண்பிள்ளை குடங்களை விரலால் எண்ணிக்கொண்டிருந்தது. பக்கத்து அட்டையில், ‘வடிவமைத்தவர் பெயர் தெரியவில்லை. ஆவடி’ என்று இருந்தது.

தெரியவில்லையாம். அந்த பேனருக்குள்ளேயே இருக்கிறது! கீழ் ஓரத்தில், இடது மூலையிலிருந்து ஒரு சாண் தள்ளி. நகத்தை விட்டு இழுத்தால் பசை விட்டுவிடும். என் கைப் பசை எனக்குத் தெரியாதா? குனிந்தேன். கையும் நீட்டினேன்.

“ஐயா, தொடாதீங்க” என்றார் காவலுக்கு நின்றவர்.

கையை எடுத்துக்கொண்டேன். இதை நான்தான் ஒட்டினேன் என்று சொல்லியிருக்கலாம். அவர் விட்டிருப்பார்.

“நீங்க... அந்தக் கடை ஐயாதானே?”

அதே அம்மா. என்னைப் பார்த்து அவ்வளவு சந்தோஷப்பட்டார். கையைப் பிடித்துக்கொண்டார். “உங்க முதலாளிக்கு நாலு தடவை போன் பண்ணேன். கடைசி வரைக்கும் சொல்லலை. எல்லாரும் இது முன்னாடிதான் ரொம்ப நேரம் நிக்கறாங்க. யார் செஞ்சது, யார் செஞ்சதுன்னு கேக்கறாங்க. எனக்குப் பதில் சொல்லத் தெரியலை.” பிறகு மெல்லக் கேட்டார். “உங்களுக்குத் தெரியும்தானே ஐயா?”

ராணி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தொண்டை வரைக்கும் வந்தது. ஒரு பெயர், மூன்றெழுத்து. அதைச் சொன்னால் மற்றதையும் சொல்ல வேண்டும். ஏன் சொல்லவில்லை, எத்தனை மாதம் மறைத்தேன், படத்தில் இருக்கிறவள் எனக்கு யார்... இத்தனை பேர் நடுவில்.

“நல்லா கீதும்மா” என்றேன். “ரொம்ப நல்லா வெச்சிகீறீங்க.”

அவர் என் கையை விட்டார். கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் தேவலை.

பிரேமா நெமிலிச்சேரியில்தான் இருக்கிறாள். வீடு எனக்குத் தெரியும். இதை எழுதுகிற இன்று வரை நான் போகவில்லை. நாளைக்குப் போவேனா? உங்களிடம் இன்னொரு பொய் சொல்ல விரும்பவில்லை.

அன்று கண்காட்சியிலிருந்து வெளியே வரும் வழியில் ஒரு பலகையில் எல்லோருடைய பெயரையும் வரிசையாக எழுதியிருந்தார்கள். ஆட்கள் அதன் முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் போகும் வரை காத்திருந்து, மேலிருந்து கீழாக விரல் வைத்து எண்ணினேன். தப்பாக எண்ணிவிட்டேனோ என்று மறுபடியும் எண்ணினேன்.

உள்ளே இருந்தவை இருபத்தெட்டு. பெயர்கள் இருபத்தேழு.